வடசென்னையில் போட்ட ஒட்டு ஏன் பெயர்கிறது? பாலிமர் கலந்த சிமெண்ட்டின் உள்விவரம்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர். இந்த வரிசையில் முப்பது வருடம் தாண்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் படிக்கட்டில் ஏறி மேலே பார்த்தால், பெரும்பாலும் இரண்டு விஷயம் கண்ணில் படும். ஒன்று, காங்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி வெளியே தெரியும் இடம். இன்னொன்று, அதன் பக்கத்திலேயே வேறு நிறத்தில் இருக்கும் பழைய ஒட்டு, அதாவது முன்பு பழுதுபார்த்துப் பூசிய கலவை. ஒட்டு போட்ட இடம் சில சமயம் நன்றாகவே இருக்கும். அதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் புதிதாக விரிசல் ஓடியிருக்கும். சில சமயம் ஒட்டே முழுசாகக் கழன்று வந்திருக்கும்.

வேலை செய்த மேஸ்திரியிடம் கேட்டால், "கெமிக்கல் ஊத்தித்தாங்க பூசினோம்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, ஊற்றித்தான் இருப்பார். ஆனால் அந்தக் கெமிக்கல் என்ன, அது எதைச் செய்யும், எதைச் செய்யவே செய்யாது என்பதை வீட்டுக்காரரும் மேஸ்திரியும் உட்கார்ந்து பேசியிருக்க மாட்டார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாலிமர், அதாவது நுண்ணிய பிளாஸ்டிக் அல்லது ரப்பர் துகள், கலந்த சிமெண்ட் உண்மையிலேயே நல்ல பொருள். அது பழைய காங்கிரீட்டோடு ஒட்டும், துளைகளை அடைக்கும், கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ஆனால் காங்கிரீட்டுக்குள் ஏற்கெனவே இறங்கிவிட்ட உப்பை அது வெளியே எடுக்காது. வடசென்னையில் நம்முடைய சண்டையே அந்த உப்போடுதான்.

உப்பு எப்படி உள்ளே வந்தது

நல்ல காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி சாதாரணமாகத் துருப்பிடிக்காது. சிமெண்ட் கடும் காரத்தன்மை கொண்டது, அதன் பி.எச். அளவு 12.5-க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தில் இரும்பின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று உருவாகிக் கம்பியைக் காக்கும். அந்தப் படலம் இரண்டு வழியில் கெடும்.

முதல் வழி, காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு. அது காங்கிரீட்டுக்குள் மெல்ல ஊடுருவிக் காரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். பி.எச். 9-க்கு அருகில் இறங்கிவிட்டால் படலம் நிற்காது. இந்த ஊடுருவலின் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி வளர்கிறது. அதாவது 10 மி.மீ. ஆழத்துக்குப் போக 10 வருடம் ஆனால், 20 மி.மீ. போக 20 வருடம் இல்லை, கிட்டத்தட்ட 40 வருடம் ஆகும். கம்பிக்கு மேல் இருக்கும் காங்கிரீட் கனத்தை, அதாவது கவரை, இரண்டு மடங்காக்கினால் ஆயுள் நான்கு மடங்காகிறது. கவர் பிளாக் வைக்காமல் கம்பியை ஷட்டரிங் பலகை மேலேயே படுக்கவிட்ட கூரைகள் ஏன் இவ்வளவு சீக்கிரம் உதிர்கின்றன என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

இரண்டாவது வழி குளோரைடு, நம் ஊர் உப்பு. இது இன்னும் மோசமானது. காரம் முழுசாக இருந்தாலும், கம்பியின் மேற்பரப்பில் குளோரைடு ஒரு அளவைத் தாண்டினால் படலத்தை அங்கங்கே குத்தித் துளைக்கும். சிமெண்ட் எடையில் சுமார் 0.4 சதவீதம் என்பதைப் பொதுவாக எச்சரிக்கை அளவாக வைத்துக்கொள்கிறார்கள். துளைத்த இடத்தில் கம்பி குழி குழியாக அரிக்கப்படும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில்தான் காங்கிரீட் பிளந்து கீழே விழுகிறது.

வடசென்னைக்கு இந்த உப்பு பல வழியில் வந்து சேர்கிறது. கடல் காற்று ஒன்று. கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள் அதன் தாக்கம் மிக அதிகம், உள்ளே போகப் போக வேகமாகக் குறையும். ஆனால் வடக்கே கரையே உள்ளே வந்துவிட்டது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்தின் கற்சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது, தெற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் தடுக்கப்பட்டது. தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது, வடக்கே ராயபுரம் தொடங்கிக் கரை அரித்தது. ஒரு காலத்தில் கடலிலிருந்து தெரு தள்ளி இருந்த வீடுகள், இன்று கல்தடுப்புக்கு அந்தப் பக்கம் அலை தெறிக்கும் தூரத்தில் நிற்கின்றன.

இன்னொரு வழி தண்ணீர். மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்தது பல பத்தாண்டுகளாக ஆராயப்பட்டு வரும் விஷயம். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. கம்பி போட்ட காங்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதிமுறை ஐ.எஸ். 456. தண்ணீர்த் தட்டுப்பாடு இருந்த வருடங்களில் கட்டிய சிறிய வீடுகளில் இதை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

பலரும் கவனிக்காத ஒன்றும் இருக்கிறது. குடிக்க மெட்ரோ வாட்டர், கழிவறைக்கு உப்பு போர் தண்ணீர் என்பது இங்கே பல வீடுகளில் வழக்கம். மேல்வீட்டுக் கழிவறையின் பள்ளத் தளம் கசிந்தால், கீழ்வீட்டுக் கூரைக்குள் இறங்குவது அந்த உப்புத் தண்ணீர்தான். நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து, ஒவ்வொரு தடவையும் தண்ணீர் ஆவியாகிப் போய் உப்பு உள்ளேயே தங்கும். கடலிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள வீட்டிலும் குளியலறைக்குக் கீழே உள்ள கூரை மட்டும் உதிர இது பெரிய காரணமாக இருக்கலாம்.

பழைய விதிமுறையையும் சொல்ல வேண்டும். 1978-ஆம் ஆண்டின் ஐ.எஸ். 456 சாதாரணச் சூழலில் கூரைத் தளத்துக்கு 15 மி.மீ. கவரை அனுமதித்தது. 2000-இல் வந்த திருத்தம் கடலோரச் சூழலைக் கடுமையான வகையில் சேர்த்து, 45 மி.மீ. கவரும் குறைந்தது எம்30 தரக் காங்கிரீட்டும் கேட்டது (எம் எண் கூடக் கூட வலிமை கூடும்). அலை தெறிக்கும் இடத்துக்கு 50 மி.மீ. நாம் இன்று பழுதுபார்க்கும் கட்டடங்களில் பெரும்பாலானவை அந்தத் திருத்தத்துக்கு முன்பு கட்டியவை. கொத்தனார் ஏமாற்றாமல் அந்த 15 மி.மீ. கவரை வைத்தே கட்டியிருந்தாலும், கடலோரத்துக்கு அது போதாது.

2021 டிசம்பரில் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் இருந்த ஒரு குடியிருப்புத் தொகுதி இடிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்துவிட்டு முன்னாலேயே எல்லாரும் வெளியே வந்ததால் உயிர்கள் தப்பின. எந்த விரிசலைப் பூசி மூடலாம், எதைப் பார்த்தவுடன் வெளியே ஓட வேண்டும் என்பது இங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டியிருக்கிறது.

வெள்ளைத் திரவத்துக்குள் என்ன இருக்கிறது

மேஸ்திரி கெமிக்கல் என்று சொல்லும் அந்தக் கேனில் பெரும்பாலும் லேட்டக்ஸ் இருக்கும். மிக நுண்ணிய பிளாஸ்டிக் அல்லது ரப்பர் துகள்கள் தண்ணீரில் மிதக்கும் வெள்ளைத் திரவம். சிமெண்ட் துகளோடு ஒப்பிட்டால் இந்தத் துகள்கள் பல பத்து மடங்கு சிறியவை.

யோசனை புதியது இல்லை. இயற்கை ரப்பர் பாலையே சிமெண்ட்டோடு சேர்த்துத் தளம் போடும் காப்புரிமை ஒன்றை 1923-இல் பிரிட்டனில் கிரெஸ்சன் என்பவர் எடுத்தார். அடுத்த வருடம் லெஃபெப்யூர் என்பவர் கலவை விகிதத்தையும் சேர்த்துச் சொன்னார். செயற்கை ரப்பர் லேட்டக்ஸ் பெரிய அளவில் வந்தது 1950-களுக்குப் பிறகு. அமெரிக்காவில், பனி உருக உப்பு தூவும் பாலங்களின் மேல்தளத்துக்கு அதைப் பயன்படுத்தினார்கள். அவர்களுக்கும் எதிரி குளோரைடுதான், வந்த வழிதான் வேறு.

உள்ளே நடப்பதை ஜப்பானிய ஆய்வாளர் யோஷிஹிகோ ஒஹாமா படிப்படியாக விளக்கினார். கலந்தவுடன் பாலிமர் துகள்கள் எங்கும் பரவி நிற்கும். சிமெண்ட் தண்ணீரை உறிஞ்சி இறுக இறுக, துகள்களுக்கு மிதக்க இடமில்லாமல் போகும். அவை சிமெண்ட் மேற்பரப்பிலும் துளைகளின் ஓரத்திலும் ஒதுங்கி, நெருங்கி, கடைசியில் ஒன்றோடொன்று இளகிச் சேரும். சூடான பால் ஆறும்போது மேலே ஆடை படிகிறதே, அப்படி ஒரு தொடர்ச்சியான படலம், ஆனால் கலவையின் உள்ளே, எல்லாத் திசையிலும். ஒரு பக்கம் சிமெண்ட் இறுகிய வலைப்பின்னல், அதோடு பின்னிய பாலிமர் படலம் இன்னொரு பக்கம்.

இதனால் கிடைக்கும் பலன்கள் உண்மையானவை. துளைகள் அடைபடுவதால் தண்ணீரும் குளோரைடும் கார்பன் டை ஆக்சைடும் உள்ளே போவது நன்றாகக் குறையும். பழைய காங்கிரீட்டோடு பிடிமானம் கூடும். வளைவைத் தாங்கும் வலிமை ஏறும். அழுத்தத்தைத் தாங்கும் வலிமை மட்டும் பெரிதாகக் கூடாது. பாலிமர் அதிகமானால் குறையவும் செய்யும். கலவையின் விறைப்பு கொஞ்சம் குறைவது ஒட்டு வேலைக்கு நல்லதுதான். வெயிலில் விரியும் அளவும் காங்கிரீட்டுக்கு அருகிலேயே இருக்கும். வெறும் எபாக்ஸி (பிசின்) கலவை காங்கிரீட்டைவிடப் பல மடங்கு விரியும். மே மாத வெயிலில் காயும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் அதைக் கனமாகப் போட்டால் ஓரத்தில் பிய்த்துக்கொண்டு வர வாய்ப்பு அதிகம். அதனால்தான் கட்டடப் பழுதுக்குப் பாலிமர் சிமெண்ட்டைப் பொருத்தமான பொருள் என்கிறேன்.

பாலிமரில் வகை உண்டு. பரவலாகக் கிடைப்பது எஸ்.பி.ஆர்., அதாவது ஸ்டைரீன் பியூட்டாடையீன் ரப்பர். ஈரத்துக்கு நன்றாகத் தாங்கும், வெயில் பட்டால் நிறம் மாறும். அதனால் உள்ளுக்குள் இருக்கும் அடுக்குக்கு ஏற்றது. அக்ரிலிக் வெயிலுக்கும் தாங்கும், விலை கூடுதல். கவனமாக இருக்க வேண்டியது பாலிவினைல் அசிடேட் வகையில். தச்சு வேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசை இந்த ஜாதிதான். காய்ந்த இடத்தில் நன்றாகப் பிடிக்கும், தொடர்ந்து ஈரம் பட்டால் மறுபடி இளகிவிடும். ஒழுகும் கூரையில் இதைப் போடுவது வீண் செலவு. விலை குறைவாக, பெயர் மட்டும் பாண்டிங் ஏஜென்ட் என்று இருக்கும் கேனை வாங்கும்போது, உள்ளே என்ன வகை என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். லேபிளில் எழுதவில்லை என்றால் வாங்காமல் விடுவது நல்லது.

ஒரு மூட்டைக்கு எவ்வளவு?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

பாலிமர் கலந்த கலவை என்று சொல்லத் தகுந்ததில், பாலிமரின் திடப்பொருள் மட்டும் சிமெண்ட் எடையில் 10 முதல் 20 சதவீதம் இருக்கும். நடுவில் 15 என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோ மூட்டைக்கு 7.5 கிலோ திடப்பொருள் வேண்டும். கேனில் இருக்கும் திரவத்தில் பாதிக்கு மேல் தண்ணீர். திடப்பொருள் 45 சதவீதம் என்றால், 7.5 கிலோ கிடைக்கக் கிட்டத்தட்ட 17 கிலோ திரவம் ஊற்ற வேண்டும். ஆம், ஒரு மூட்டைக்கு 17 கிலோ.

நடப்பது என்ன? மூட்டைக்கு ஒரு லிட்டர், கேட்டால் இரண்டு லிட்டர். ஒரு லிட்டரில் இருப்பது அரைக் கிலோவுக்கும் குறைவான திடப்பொருள். சிமெண்ட் எடையில் ஒரு சதவீதம்கூட இல்லை. 5 சதவீதத்துக்குக் கீழே போனாலே தொடர்ச்சியான படலம் உருவாவது சந்தேகம். ஒரு சதவீதத்தில் கலவை வழவழப்பாகி, பூச லேசாக இருக்கும், அவ்வளவுதான். மேலே சொன்ன பலன்களில் ஒன்றும் முழுசாகக் கிடைக்காது. செலவு கணக்கில் கெமிக்கல் என்று ஒரு வரி இருக்கும், சுவரில் அது இருக்காது.

இதே கணக்கின் மறுபக்கம் தண்ணீர். அந்த 17 கிலோ திரவத்தோடு 9 லிட்டர் தண்ணீர் ஏற்கெனவே வந்துவிட்டது. தண்ணீர் சிமெண்ட்டின் எடையில் 40 சதவீதத்தைத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்றால், மொத்தம் 20 லிட்டர். இனி ஊற்ற மிச்சம் 11 லிட்டர்தான், மணல் ஈரமாக இருந்தால் அதிலும் கழிக்க வேண்டும். லேட்டக்ஸே கலவையை இளக்கிவிடும் என்பதால் இது போதும். ஆனால் கை பழக்கத்தில் வழக்கம்போலப் பக்கெட்டைச் சாய்த்தால், பாலிமர் கொடுத்ததைத் தண்ணீர் பறித்துக்கொள்ளும். அளந்து ஊற்ற ஒரு வாளியில் கோடு போட்டு வைத்தால் போதும், பெரிய கருவி எதுவும் வேண்டாம். மெஷினில் ரொம்ப நேரம் வேகமாக அடித்தாலும் நுரை கட்டிக் காற்று புகுந்து வலிமை போகும்.

இந்தத் தலைவலி வேண்டாம் என்பவர்களுக்கு மூட்டையிலேயே எல்லாம் கலந்து வரும் ரகம் உண்டு. பாலிமரைப் பொடியாக்கி, சிமெண்ட், சலித்த மணல், நார் எல்லாம் சேர்த்துப் பையில் அடைத்திருப்பார்கள். தண்ணீர் மட்டும் அளந்து சேர்க்க வேண்டும், அளவு பையில் அச்சிட்டிருக்கும். விலை அதிகம்தான். இருந்தாலும் சின்ன வேலைக்கு, குறிப்பாக மேற்பார்வைக்கு ஆள் இல்லாத அடுக்குமாடிச் சங்கங்களுக்கு, நான் இதையே சொல்வேன். தப்பு செய்ய வாய்ப்பு குறைவு.

பை வாங்கும்போது ஐரோப்பியத் தர எண் ஈ.என். 1504-3 போட்டிருந்தால் அதில் ஆர்1 முதல் ஆர்4 வரை ஒரு வகை குறித்திருக்கும். தூண், பீம், கூரை போன்ற பாரம் தாங்கும் உறுப்புக்கு ஆர்3 அல்லது ஆர்4. ஆர்4 என்றால் அழுத்த வலிமை குறைந்தது 45 மெகாபாஸ்கல் (வலிமையை அளக்கும் அலகு), பிடிமானம் குறைந்தது 2 மெகாபாஸ்கல். ஆர்3-க்கு 25, 1.5. ஆர்1, ஆர்2 பாரம் தாங்காத இடத்துக்கு. பழைய எம்15 காங்கிரீட்டின் மேல் மிக விறைப்பான ஆர்4 போடுவதைவிட ஆர்3 பொருத்தமாக இருக்கும் இடங்களும் உண்டு. அதைப் பொறியாளர் முடிவு செய்யட்டும்.

தட்டு, கொத்து, கழுவு

பொருளைவிட வேலை முறையில்தான் ஒட்டின் ஆயுள் இருக்கிறது. முதலில் சுத்தியலால் கூரையைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும், உள்ளே பிளந்த இடத்தில் பொத்தென்று கேட்கும். அந்த எல்லையைச் சாக்பீஸால் வரைந்துகொண்டால், கண்ணுக்குத் தெரியும் சேதத்தைவிட அது எவ்வளவு பெரியது என்பது உடனே தெரியும். அப்புறம் கொத்திய இடத்தில் ஃபினால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்துப் பார்க்கலாம். காரம் மிச்சமிருந்தால் காங்கிரீட் பளீரென்று இளஞ்சிவப்பாகும், காரம் போன இடம் நிறம் மாறாமல் நிற்கும். இளஞ்சிவப்பு எங்கே தொடங்குகிறது, கம்பி எங்கே இருக்கிறது என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தாலே பாதி நோய் புரிந்துவிடும். ஒன்றை மறக்கக் கூடாது: இது குளோரைடைக் காட்டாது. நன்றாகச் சிவந்த காங்கிரீட்டுக்குள்ளும் கம்பி உப்பில் அரித்துக்கொண்டிருக்கலாம். கடலோரத்தில் தூள் எடுத்து ஆய்வகத்தில் குளோரைடு பார்க்காமல் பெரிய வேலை தொடங்குவது சரியில்லை.

கொத்தும்போது கம்பியின் கீழ்ப்பக்கம் தெரிந்தவுடன் நிறுத்திவிடுகிறார்கள். தப்பு அங்கேதான். கம்பியின் பின்னால் 20 மி.மீ. வரை விரல் நுழையும் அளவுக்குக் கொத்த வேண்டும், ஏனென்றால் உப்பு ஏறிய பழைய காங்கிரீட் கம்பியின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தால், முன்னால் எவ்வளவு உயர்ந்த கலவை போட்டாலும் பின்னால் துரு தொடரும். ஓரங்களைச் சரிவாகத் தேய்த்து விடக் கூடாது. கட்டிங் மெஷினால் செங்குத்தாக வெட்ட வேண்டும். இழையாக முடியும் ஓரம்தான் முதலில் எழும்பும். இவ்வளவு கொத்துவதற்கு முன் கூரைக்கு முட்டு கொடுக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் முட்டு இல்லாமல் கொத்துவது நடக்கிறது என்பதால் சொல்கிறேன்.

கம்பியைக் கம்பி பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்துவிட்டுப் பெயின்ட் அடிப்பது போதாது. குழிகளுக்குள் உப்பு இருக்கும். மணலை வேகமாக அடித்துத் துருவை நீக்கும் மணல் வீச்சு கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் பவர் பிரஷ்ஷால் பளபளப்பு வரும்வரை தேய்த்து, நல்ல தண்ணீரை அழுத்தமாக அடித்துக் கழுவ வேண்டும். நல்ல தண்ணீர் என்றால் லாரித் தண்ணீர், போர் தண்ணீர் இல்லை. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் கம்பித் துரு விஷயத்தில் பல பத்தாண்டுகளாக வேலை செய்துவருகிறது. கம்பிக்கான சிமெண்ட் சார்ந்த பூச்சு முறைகளும் அங்கிருந்து வந்திருக்கின்றன. கழுவிக் காய்ந்ததும் அப்படியொரு பூச்சு கொடுப்பது நல்லது.

அடுத்து பிடிமானக் கோட். பழைய காங்கிரீட்டை முந்தின நாளே நனைத்து ஊறவிட்டு, பூசும் நேரத்தில் உள்ளே ஈரமாகவும் மேலே தண்ணீர் மினுமினுப்பு இல்லாமலும் இருக்கும்படி பார்க்க வேண்டும். எஸ்.பி.ஆரும் சிமெண்ட்டும் குழைத்த பாலைப் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்து, விரல் வைத்தால் ஒட்டும் பதத்திலேயே கலவையைப் போட்டுவிட வேண்டும். காலையில் கோட் அடித்துவிட்டுச் சாப்பிட்டு வந்து பூசினால், அது காய்ந்து படலமாகியிருக்கும். பிடிக்க வேண்டிய கோட்டே பிரிக்கும் தோலாகிவிடும். முழுசாகக் கழன்று வரும் ஒட்டுகளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: வழவழவென்று, பழைய காங்கிரீட் ஒரு துளிகூட ஒட்டாமல் இருந்தால், பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

கூரையில் ஒரு தடவைக்கு 10 முதல் 20 மி.மீ. வரை போடலாம், அதற்கு மேல் போனால் தொங்கும். பள்ளம் ஆழமாக இருந்தால் பூசாமல், பலகை அடைத்து மைக்ரோ காங்கிரீட் (பொடி ஜல்லி சேர்ந்த, இளகி ஓடும் கலவை) ஊற்றுவது மேல்.

பிறகு க்யூரிங், அதாவது நீராற்றுவது. சாதாரணப் பூச்சுக்கு ஏழு நாள் தண்ணீர் விடுவது நம் கைக்குப் பழகிய வேலை. லேட்டக்ஸ் கலவைக்கு அது பொருந்தாது. முதல் ஒன்று இரண்டு நாள் ஈரச் சாக்கு போர்த்திக் காக்க வேண்டும், ஏனென்றால் சிமெண்ட் இறுகத் தண்ணீர் வேண்டும். அதன்பின் காயவிட வேண்டும், ஏனென்றால் தண்ணீர் வெளியேறினால்தான் பாலிமர் படலமாகும். அக்கறையோடு ஒரு வாரம் தண்ணீர் அடித்துக்கொண்டே இருப்பவர், தெரியாமல் அந்தப் படலத்தைத் தள்ளிப்போடுகிறார். மறுபக்கம், அக்னி நட்சத்திர வெயிலில் நிழல் இல்லாமல் பூசினால் அரைமணி நேரத்தில் மேல்தோல் காய்ந்து வெடிக்கும். இறுகத் தொடங்கிய கலவையில் தண்ணீர் தெளித்து மறுபடி பிசைவதும் கூடவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையும் ஆகாது. இங்கே இந்த வேலைக்கு நல்ல காலம் பொங்கலுக்குப் பிறகு, வெயில் ஏறும் முன்.

ஒட்டுக்குப் பக்கத்தில் ஏன் துரு வருகிறது

எல்லாம் சரியாகச் செய்த ஒட்டுக்குப் பக்கத்திலும் இரண்டு மூன்று வருடத்தில் விரிசல் வரும். அதைப் பார்த்து மேஸ்திரியைத் திட்டுவது நியாயமில்லை, இது மின்வேதியியல்.

துருப்பிடிக்கும் கம்பியில் ஒரு பகுதி கரையும், பக்கத்துப் பகுதி அந்தக் கரைதலின் தயவில் பாதுகாப்பாக இருக்கும். மோசமாகக் கரைந்த இடத்தை மட்டும் கொத்தி எடுத்து, உப்பில்லாத, காரம் நிறைந்த புதுக் கலவை போட்டவுடன் அந்த இடம் பாதுகாப்பாகிவிடுகிறது. அதுவரை அதன் நிழலில் தப்பித்திருந்த பக்கத்துக் கம்பி, உப்பு ஏறிய பழைய காங்கிரீட்டுக்குள் இருப்பதால், இப்போது தானே கரையத் தொடங்குகிறது. ஒட்டைச் சுற்றி வளையமாகச் சேதம் வருவது இதனால்தான். கலவை எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு நன்றாக இந்த விளைவு தெரியலாம்.

இதற்கு ஒரு வழி, காசிமேட்டில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். விசைப்படகின் புரொப்பெல்லர் பக்கம் மாட்டும் ஜிங்க் கட்டி, படகின் உலோகத்துக்குப் பதிலாகத் தான் கரையும். அதே தத்துவத்தில் சிறிய துத்தநாகத் துண்டுகளை ஒட்டின் ஓரத்தில் கம்பியோடு கட்டிப் புதைக்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: பாலிமர் மிக அதிகமுள்ள கலவை மின்சாரத்தைத் தடுக்கும், அதற்குள் புதைத்த துத்தநாகம் வேலை செய்யாது. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதானால் கலவையின் மின்தடை அளவைத் தயாரிப்பாளரிடம் கேட்டே ஆக வேண்டும். இதை யோசிக்காமல் இரண்டுக்கும் காசு கொடுப்பவர்கள் உண்டு.

துத்தநாகம் இல்லாமல் செய்யக்கூடியதும் இருக்கிறது. உப்பு ஏறிய பகுதியை ஓட்டை ஓட்டையாக அல்லாமல் ஒரு முழுக் கூரைப் பகுதியாக எடுத்துச் செய்வது, மீதிப் பரப்புக்குக் கார்பன் டை ஆக்சைடையும் தண்ணீரையும் தடுக்கும் மேல்பூச்சு அடிப்பது, எல்லாவற்றுக்கும் முன்னால் மேலிருந்து வரும் கசிவை நிறுத்துவது. மேல்வீட்டுக் கழிவறையைச் சரிசெய்யாமல் கீழ்வீட்டுக் கூரைக்கு ஆர்4 போடுவதில் பலன் இல்லை. மேல்வீடு, கீழ்வீடு இரண்டும் சேர்ந்து செலவு செய்ய வேண்டிய வேலை இது. சங்கக் கூட்டங்களில் மற்ற எதையும்விட இதில்தான் தகராறு வருகிறது, அதனால்தான் வேலையும் தள்ளிப்போகிறது. அரசு வீட்டு வாரியக் குடியிருப்புகளில் இது இன்னும் சிக்கல், யார் பொறுப்பு என்பதே பல சமயம் தெளிவாக இருப்பதில்லை.

கடைசியாக, பூசவே கூடாத நிலை. சன்ஷேடும் பால்கனிக் கூரையும் உதிர்வது ஒரு வகை. தூண் நீளவாக்கில் பிளந்து, கொத்திப் பார்த்தால் கம்பி கனம் கணிசமாகக் குறைந்து, சுற்றுக் கம்பியான ரிங் அறுந்து கிடப்பது வேறு வகை. பாலிமர் கலவை இழந்த கம்பியின் வேலையைச் செய்யாது. அங்கே கூடுதல் கம்பி கட்டித் தூணைச் சுற்றிப் புதுக் காங்கிரீட் உறை போட வேண்டும், அல்லது கட்டடத்தைக் காலி செய்து இடிக்க வேண்டும். அந்த முடிவைக் கட்டமைப்புப் பொறியாளர் எழுத்தில் தர வேண்டும். தரைத்தளத் தூணில் நீளமான விரிசல், கதவு திடீரென்று மூட முடியாமல் போவது, சில நாளிலேயே விரிசல் அகலமாவது, இரவில் சத்தம் கேட்பது என்று இருந்தால் மேஸ்திரியைக் கூப்பிடும் நேரம் இல்லை அது. ஆட்களை வெளியே கொண்டுவந்துவிட்டு, மாநகராட்சிக்கும் வாரியத்துக்கும் அன்றைக்கே சொல்ல வேண்டும்.